காது கொடுத்துப் பார்த்த நாடகம்

முதல் உலகப்போர் என்றதும் நம் கண்ணில் வருவது பதுங்குகுழி, முள்வேலி, சேறு. அந்தச் சேற்றுக்கு அடியில் இன்னொரு போர் நடந்தது. இரண்டு தரப்பும் எலி வளைபோலச் சுரங்கம் தோண்டிக்கொண்டு போய், எதிரியின் குழிக்கு நேர் கீழே வெடிமருந்தைக் குவித்து வைத்தார்கள். தோண்டும்போதே அந்தப் பக்கமும் தோண்டுகிறானா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். யார் முதலில் கேட்கிறானோ அவனுக்கு உயிர் மிச்சம். துப்பாக்கியைவிடக் காது பெரிய ஆயுதமாக இருந்த இடம் அது.

இந்தச் சுரங்கப் போரையும் வடபிரான்சின் ஆமியான் நகரில் நடந்த ஒரு காதலையும் சேர்த்து செபாஸ்டியன் ஃபாக்ஸ் 1993-ல் எழுதிய நாவல் 'பேர்ட்சாங்'. ரேச்சல் வாக்ஸ்டாஃப் அதை நாடகமாக்கினார். ஊர் ஊராகப் போன அந்த நாடகம் 2018-ல், போர் முடிந்த நூறாவது ஆண்டில், நான் இருக்கும் ஊருக்கும் வந்தது. அன்று பார்த்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நாவலாகப் படித்திருக்கிறேன், தொலைக்காட்சியிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் கதைக்குச் சொந்த வீடு மேடைதான் என்று அன்று தோன்றியது. ஏன் என்று எழுதிப் பார்க்கத்தான் இந்தப் பதிவு. கதையின் முடிவையும் சொல்லப்போகிறேன். படிக்காதவர்கள் நாவலைப் படித்துவிட்டு வந்தாலும் சரி.

கதைச் சுருக்கம் இதுதான். 1910. ஸ்டீபன் ரேஸ்ஃபோர்ட் என்ற இருபது வயது ஆங்கிலேய இளைஞன் நெசவாலைத் தொழில் கற்றுக்கொள்ள ஆமியானுக்கு வருகிறான். ஆலை முதலாளி அஸேரின் வீட்டில் தங்குகிறான். அஸேரின் இரண்டாம் மனைவி இஸபெல். கணவன் அவளை அடிப்பவன். ஸ்டீபனுக்கும் அவளுக்கும் காதல் வருகிறது. இருவரும் ஊரை விட்டே போகிறார்கள். கொஞ்ச காலத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் அவனை விட்டுப் போய்விடுகிறாள். ஆறு வருடம் கழித்து, ஆமியான் இருக்கும் அதே சோம் ஆற்றங்கரையில் அவன் பிரிட்டிஷ் படை அதிகாரி. காதல் செய்த மண்ணிலேயே குழிக்குள் கிடக்கிறான். அவனோடு ஜாக் ஃபயர்பிரேஸ் என்ற சுரங்கத் தொழிலாளி. லண்டனில் பாதாள ரயிலுக்குச் சுரங்கம் வெட்டியவன், இப்போது போருக்காக வெட்டுகிறான். வீட்டில் அவனுடைய சின்னப் பையனுக்குத் தொண்டை அடைப்பான் நோய்.

நாவல் இதை நேர்வரிசையில் சொல்கிறது. முதலில் ஆமியான், அப்புறம் போர். நடுநடுவே 1978-ல் பேத்தி எலிசபெத் தாத்தாவின் குறிப்பேடுகளைத் தேடுவது தனி இழை. நாடகம் 2010-ல் லண்டன் வெஸ்ட் எண்டில், ட்ரெவர் நன் இயக்கத்தில், காமெடி தியேட்டரில் முதன்முதலாக மேடையேறியபோதும் அதே நேர்வரிசைதான். பேத்தி மட்டும் இல்லை. முதல் பகுதி முழுக்க ஆமியான் வீடு, சாப்பாட்டு மேசை, ரகசியப் பார்வைகள். போர் வருவதற்குள் பார்ப்பவர்கள் அந்த வீட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் அது முடிந்தது.

சாதாரணமாக அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் ஒரிஜினல் தியேட்டர் கம்பெனி என்ற சுற்றுப்பயணக் குழு அதைக் கையில் எடுத்தது. இயக்குநர் அலஸ்டர் வாட்லி. 2013-ல் கிளம்பிய அந்த நாடகம் பிறகு பல முறை திரும்பத் திரும்ப ஊர்களுக்குப் போனது. இதற்காக வாக்ஸ்டாஃப் நாடகத்தை அடியிலிருந்து மாற்றி எழுதினார். நாடகம் குழியில் தொடங்குகிறது. ஆமியான் முழுவதும் ஸ்டீபனின் நினைவாக, போருக்கு நடுவே வந்து வந்து போகிறது.

இந்த மாற்றத்துக்கும் சுற்றுப்பயணத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். இங்கிலாந்தில் சுற்றுப்பயண நாடகம் என்றால் பெரும்பாலும் ஓர் ஊரில் ஒரு வாரம். வாரத் தொடக்கத்தில் லாரி வந்து நிற்கும். மேடையைக் கட்டி, விளக்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சரிசெய்து, ஓரிரு நாளில் திரை ஏற வேண்டும். சனிக்கிழமை இரவுக் காட்சி முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் பின்னால் சுத்தியல் சத்தம் கேட்கும். எல்லாம் பிரிக்கப்பட்டு லாரியில் ஏறி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். ஓர் ஊரில் மேடை அகலம், அடுத்த ஊரில் ஆழம், இன்னொன்றில் விக்டோரியா காலத்து அரங்கு, சரிந்த மேடை. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே அமைப்புதான் கொண்டுபோக முடியும். நம் ஊர் நாடகக் கம்பெனிக்காரர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. 'எந்த ஊரில் கேம்ப்' என்று கேட்டுக்கொண்டே வாழ்நாளைக் கழித்தவர்கள். நவாப் ராஜமாணிக்கம் போன்றவர்கள் பிரம்மாண்டமான காட்சி அமைப்புகளையே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அது வேறு வகை உழைப்பு. இந்தக் குழு போனது எதிர்த் திசையில். போரின் மரச்சட்டங்களும் இடிபாடும் கடைசிவரை மேடையை விட்டு அகலாது. ஆமியான் வீட்டு வரவேற்பறை அதற்குள்ளேயே முளைக்கும். ஒரு மேசை, சில நாற்காலி, மஞ்சள் வெளிச்சம். அவ்வளவுதான்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், இஸபெல் வெள்ளை உடையில் மெல்ல நடந்து வரும்போது அவளுக்குப் பின்னால் குழி தெரிகிறது. காதல் காட்சி நடக்கும்போது ஓரத்து இருட்டில் சிப்பாய் ஒருவன் குந்தியிருக்கிறான். அவனுக்கு இவளைத் தெரியாது, இவளுக்கு அவனைத் தெரியாது. பார்க்கிற நமக்கு இருவரையும் தெரியும். அந்த வீட்டுக்கு என்ன ஆகப்போகிறது என்பதும் தெரியும். லண்டன் வடிவத்தில் வெறும் குடும்பச் சச்சரவாகத் தெரிந்திருக்கக்கூடிய ஒரு சாப்பாட்டு மேசைக் காட்சி, இங்கே தாங்க முடியாத கனத்தோடு வந்து உட்காருகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் நெடுநல்வாடை நினைவுக்கு வராமல் இருக்காது. அரண்மனையில் தூக்கமில்லாமல் படுத்திருக்கும் அரசி ஒரு பக்கம். வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கும் அரசன் மறுபக்கம். வேலில் கட்டிய வேப்பிலை பாண்டியனைக் காட்டிக்கொடுத்துவிடுவதால் பாட்டு அகமா புறமா என்று உரைகாரர்கள் காலம் காலமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் எப்போதும் ஒரே நிலைதான். அந்த இரவில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. பிரித்தால் பாட்டே இல்லை. வாக்ஸ்டாஃப் திருத்தி எழுதியபோது செய்ததும் அதைத்தான். காதல் முதல் பாதி, போர் இரண்டாம் பாதி என்ற கோட்டை அழித்துவிட்டார்.

இனிக் காதுக்கு வருகிறேன்.

நாவலில் ஜாக் செய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'கிளே கிக்கிங்' என்று பெயர். மான்செஸ்டரில் பாதாளச் சாக்கடை வெட்டியவர்கள் கைவசம் இருந்த வித்தை. சாய்வாக நிறுத்திய பலகையில் ஒருவன் முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொள்கிறான். இரண்டு காலாலும் மண்வெட்டியை உதைத்துக் களிமண்ணுக்குள் இறக்குகிறான். கட்டி பெயர்ந்து விழும். இரண்டாவது ஆள் அதைச் சத்தமில்லாமல் வாங்கி மூட்டையில் போடுவான். மூன்றாவது ஆள் சின்னத் தள்ளுவண்டியில் பின்னால் கொண்டுபோவான். கடப்பாறையோ கோடரியோ கொண்டு வெட்டினால் மண்ணுக்குள் எத்தனையோ அடி தூரம் கேட்கும். காலால் உதைத்தால் கேட்காது. ஜெர்மானியர்கள் இடித்து வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் சந்தடியில்லாமல் முந்தினார்கள்.

களிமண் வடக்கே பெல்ஜியத்தை ஒட்டிய ஃபிளாண்டர்ஸ் பக்கம்தான். சோம் பகுதியில் சுண்ணாம்புப் பாறை. அங்கே உதைக்க முடியாது. லா புவாசெல் கிராமத்தில் வேலை செய்தவர்கள் துப்பாக்கிச் சனியனுக்கு, அதாவது பயோனெட்டுக்கு, நீளக் கைப்பிடி போட்டுக்கொண்டார்கள். அதன் முனையைப் பாறை இடுக்கில் செருகித் திருகினால் ஒரு கல் பெயரும். அது தரையில் விழுந்தால் சத்தம் கேட்டுவிடும் என்று மறுகையால் பிடித்துக்கொள்வார்கள். தரையெல்லாம் மணல் மூட்டை பரப்பியிருக்கும். யார் காலிலும் செருப்பு, பூட்ஸ் கிடையாது, அதிகாரிகள் உட்பட. பேசினால் கிசுகிசுப்புதான். நாள் முழுக்க வேலை செய்தால் சுமார் ஒன்றரை அடி முன்னேறுவார்கள்.

கேட்பதற்கு முதலில் இருந்தது வெறும் காதும், பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையை மண்ணில் ஊன்றும் குச்சியும். தண்ணீர் நிரப்பிய தகரப் பீப்பாயில் காதை வைத்தும் கேட்டார்கள். அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் ஜியோஃபோன் செய்து கொடுத்தார்கள். மரத்தாலான இரண்டு சின்ன வட்டுகள், உள்ளே பாதரசம், டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் போல இரண்டு காதுக்கும் குழாய். வட்டுகளை மெல்ல நகர்த்தி, இரண்டு காதிலும் சத்தம் சமமாகும்வரை பொறுமையாகத் தேடினால் எதிரி எந்தத் திசையில் தோண்டுகிறான் என்று தெரிந்துவிடும். தோண்டுகிற சத்தம் கேட்கும்வரை பயமில்லை. சத்தம் நின்றால்தான் பயம். தோண்டி முடித்துவிட்டான், மருந்து நிரப்பத் தொடங்கிவிட்டான் என்று பொருள்.

இதை எப்படித் திரையில் காட்டுவது? 2012-ல் பிபிசி இரண்டு பகுதிகளாக எடுத்த தொலைக்காட்சி வடிவத்தில் எடி ரெட்மெய்ன் ஸ்டீபன், கிளெமான்ஸ் போயெஸி இஸபெல், ஜோசப் மாவல் ஜாக். நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆமியானின் தண்ணீர்த் தோட்டங்களில் படகில் போகும் வெயில் காட்சி அவ்வளவு அழகு. ஆனால் கேமரா சுரங்கத்துக்குள் போனால் கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். சுவரில் வெளிச்சம் விழுந்ததும் நாம் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். பார்க்கிறவன் கேட்பதில்லை. வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து பார்க்கும்போது ஃபிரிட்ஜ் ஓடுகிறது, தெருவில் கார் போகிறது.

அரங்கில் நடந்தது வேறு. சுரங்கத்துக்குள் ஜாக்கும் கூட்டாளிகளும் முட்டிபோட்டு நகரும் காட்சி. அரங்கில் விளக்குகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஒரே ஒரு சின்ன வெளிச்சம் மிச்சம். ஜாக்காக நடித்த டிம் ட்ரெலோர் கையை உயர்த்தினார், எல்லோரும் உறைந்தார்கள். அவர் சுவரில் காதை வைத்தார். அரங்கில் அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைய வந்திருந்தார்கள். இந்த நாவல் அங்கே உயர்நிலைத் தேர்வுக்குப் பாடமாக இருந்திருக்கிறது. அதற்கு முன்னால் ஆமியான் காதல் காட்சியில் அவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வயதில் அது இயல்பு. இப்போது அவர்களிடமிருந்து மூச்சு விடும் சத்தம்கூட வரவில்லை. யாரோ ஒருவர் இருமலை அடக்கத் தொண்டையைச் செருமினார், எனக்குத் திடுக்கென்றது. அந்தச் செருமல் எதிரிக்குக் கேட்டுவிடுமே என்று. ஒரு கணம்தான். ஆனால் அந்தக் கணத்தில் அரங்கில் இருந்த அத்தனை பேரும் ஜாக்கோடு சேர்ந்து அந்தச் சுவரில் காதை வைத்திருந்தோம். நடிகர் எங்களுக்காகக் கேட்கிறாரா, நாங்கள் அவருக்காகக் கேட்கிறோமா என்று தெரியவில்லை. நாடகத்தில் மட்டும்தான் இது முடியும். உயிருள்ள மனிதர்கள் ஒரே அறையில், ஒரே இருட்டில் இருக்க வேண்டும்.

அந்த நிசப்தத்திலிருந்துதான் இஸபெல் மறுபடி வருகிறாள். ஸ்டீபன் எதற்கோ காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். கேட்பது அவள் குரல். காதல் காட்சிகளையும் நான் அதற்குப் பிறகு வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். அந்த வீட்டில் ஸ்டீபன் முதலில் செய்வதும் கேட்பதுதானே. இரவில் மாடியறையில் படுத்திருக்கும்போது சுவருக்கு அப்பால் அவள் அடிபடும் சத்தம் கேட்கிறது. அவனுடைய காதல் அங்கே தொடங்குகிறது. எதிர்ச்சுவரில் ஒருத்தி துன்பப்படுகிறாள் என்று கேட்டவன், பிறகு அதே ஊருக்குப் பக்கத்தில் எதிர்ச்சுவரில் கொல்ல வருகிறவனைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறான். நாவலில் இந்த இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான பக்கங்கள். மேடையில் நிமிடங்கள்தான்.

பிரிட்டிஷ் படை 'சுரங்கக் கம்பெனி' என்ற படைப்பிரிவுகளைத் தொடங்கியதற்குப் பின்னால் இருக்கும் ஒரு சம்பவம் நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. 1914 டிசம்பர் 20. வடபிரான்சில் ஜிவாஷி, ஃபெஸ்துபேர் கிராமங்களுக்கு அருகே முன்வரிசைக் குழிகளில் இருந்தது இந்தியப் படையின் சிர்ஹிந்த் பிரிகேட். கூர்க்காக்களும் அதில் இருந்தார்கள். வெயில் தேசத்திலிருந்து வந்தவர்கள், முழங்கால் ஆழம் உறைந்த சேற்றில் நின்றார்கள். அவர்களுக்கு அடியில் ஜெர்மானியர்கள் பத்துச் சிறு கண்ணிகளை ஒரே நேரத்தில் வெடித்தார்கள். அடுத்த சில வாரங்களில் பிரிட்டிஷ் ராணுவம் விழித்துக்கொண்டது. ஜான் நார்ட்டன்-கிரிஃபித்ஸ் என்ற பொறியாளர், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட, தன்னிடம் மான்செஸ்டர் சாக்கடை வெட்டும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தார். 1915 பிப்ரவரியில் போர் அமைச்சர் கிச்னர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். நார்ட்டன்-கிரிஃபித்ஸ் கணப்படுப்புக்குப் பக்கத்தில் இருந்த கரிவாரும் கரண்டியை எடுத்துக்கொண்டு அமைச்சரின் அறைத் தரையிலேயே படுத்து உதைத்துக் காட்டினாராம். சில நாளில் முதல் ஆட்கள் சாக்கடையிலிருந்து நேரே போர்முனையில் இறங்கினார்கள். ராணுவப் பயிற்சி எதுவும் கிடையாது. உதைக்கத் தெரிந்தவனுக்கு நாளுக்கு ஆறு ஷில்லிங். காலாட்படைச் சிப்பாய்க்கு ஒரு ஷில்லிங்குக்குச் சற்று மேல். ஜாக் ஏன் மற்றச் சிப்பாய்களிடம் தனித்துத் தெரிகிறான், ஏன் அவர்கள் அவனைக் கொஞ்சம் கசப்போடு பார்க்கிறார்கள் என்பதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

நாடகத்தில் இந்தியர்கள் இல்லை. கதை நடக்கும் இடமும் காலமும் வேறு. காலாட்படை இந்தியர்கள் 1915 கடைசியிலேயே அந்த முனையிலிருந்து போய்விட்டார்கள். அதனால் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஜாக்கை அங்கே கொண்டுவந்து இறக்கிய சங்கிலியின் முதல் கண்ணி அந்தப் பத்து வெடிப்புகள். நவ் ஷாப்பெல்லில் இருக்கும் நினைவுச் சின்னத்தில் கல்லறை இல்லாத இந்தியப் படையினர் 4,700-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. ஆமியான் பக்கம் போகிறவர்கள் வடக்கே இன்னும் கொஞ்சம் தூரம் போய் அதையும் பார்க்க வேண்டும்.

நானும் சோம் பகுதிக்குப் போயிருக்கிறேன். லா புவாசெல்லில் அந்தப் பள்ளம் இருக்கிறது. லோக்நகர் என்று பெயர். செருப்பில்லாமல் கல்லைக் கையில் பிடித்த ஆட்கள் தோண்டியது அதற்குத்தான். சுமார் 27 டன் அமோனல் வெடிமருந்தை நிரப்பி, 1916 ஜூலை 1 காலை 7.28-க்கு வெடித்தார்கள். குறுக்களவு சுமார் 100 மீட்டர், ஆழம் 20 மீட்டருக்கு மேல். விளிம்பில் நின்றால் எதிர் விளிம்பில் நிற்கும் மனிதன் விரல் உயரம். இரண்டு நிமிடம் கழித்துக் காலாட்படை கிளம்பியது. அந்தப் பகுதியில் இறங்கிய 34-வது டிவிஷனில் மட்டும் அன்று இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் 6,000-க்கு மேல். முழுப் போர்முனையிலும் பிரிட்டிஷ் இழப்பு 57,470 பேர். அதில் இறந்தவர்கள் 19,240. அத்தனை மாத மௌன உழைப்பு அன்று காலாட்படையைக் காப்பாற்றவில்லை. இது எனக்கு ஆறவே ஆறாத விஷயம். ஜெர்மானியர்கள் ஆழமான பாதாள அறைகளில் உட்கார்ந்திருந்தார்கள். குண்டுமழை நின்றதும் மேலே வந்து இயந்திரத் துப்பாக்கியை நிறுத்திவிட்டார்கள்.

நாடகத்திலும் ஜூலை 1 வருகிறது. முந்தின இரவு எல்லோரும் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதும் வரியை இன்னொருவர் வரி மறிக்கும். நல்லாயிருக்கிறேன், கவலைப்படாதே, அம்மாவைப் பார்த்துக்கொள். சிப்பாயாக நடித்தவர்களில் ஒருவர் வயலின் வாசித்துக்கொண்டே கிராமத்துப் பாட்டுப் பாடினார். மேடையில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் செத்த காலைநேரத்தைக் காட்ட இது எப்படிப் போதும் என்று கேட்கலாம். போதும். கொஞ்ச நேரம் முன்புவரை பெயர் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் அவர்கள். பெரிய எண்களை நெஞ்சு வாங்காது, அந்தப் பத்துப் பேரை வாங்கிக்கொள்கிறது.

எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இஸபெல் விஷயத்தில்தான். நினைவாகவே வருவதால் அவள் ஸ்டீபனுக்குத் தெரிந்த அளவுக்குத்தான் நமக்கும் தெரிகிறாள். நாவலில் அவள் ஏன் போனாள் என்று வாசகனுக்குத் தெரியும். வயிற்றில் பிள்ளை, மனதில் குற்ற உணர்வு, சொல்லப் பயம். போருக்கு நடுவே, குண்டுத் துகளால் முகத்தில் வடுவோடு, ஒரு ஜெர்மன் அதிகாரியை விரும்பிக்கொண்டு, அவள் ஸ்டீபனை மறுபடி சந்திக்கும் இடம் நாவலின் உச்சங்களில் ஒன்று. அந்த வடுவை அவன் விரலால் தொட அனுமதி கேட்கிறான். மேடையிலும் அந்தச் சந்திப்பு இருக்கிறது. நடித்த மாடலின் நைட் அதில் சிரமப்பட்டு உயிர் கொடுத்தார். ஆனாலும் அவளுடைய போரும் ஒரு போர். ஊரை எதிரி பிடித்தபோது அந்த வீட்டில் இருந்த பெண்ணின் போர். நாடகம் அதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். ஸ்டீபன் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவன் என்றால், அவள் சொல்வதையும் அவன் அதே காதோடு கேட்பதை நாம் பார்த்திருக்க வேண்டும்.

கடைசிப் பகுதிக்கு வருகிறேன். 1918, போர் முடியப்போகிறது. சுரங்கம் இடிந்து ஸ்டீபனும் ஜாக்கும் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். ஜாக்குக்கு அடி பலம். முன்பொரு நாள் காவல் நேரத்தில் தூங்கிவிட்ட ஜாக்கை ராணுவ விசாரணைக்கு அனுப்பாமல் விட்டவன் ஸ்டீபன். அதே இருவர் இப்போது கும்மிருட்டில். ஜாக் மகனைப் பற்றிப் பேசுகிறான். அவனுக்கு வெளியே போக ஆசையில்லை. ஸ்டீபன்தான், வாழ எந்தக் காரணமும் இல்லை என்று நாடகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன், விடாமல் மண்ணைப் பறிக்கிறான். இருவர் பேச்சு, ஒரு துளி வெளிச்சம். இங்கே ஒன்றைக் கவனித்தேன். அரங்கில் முழு இருட்டு என்பது நடக்காத காரியம். வாசல் கதவுக்கு மேலே பச்சை விளக்கு எப்போதும் எரியும், சட்டம் அது. அந்தப் பச்சை விளக்கு எங்களுக்கு ஓரக்கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தது. மேடையில் இருக்கும் இருவருக்கு வாசல் இல்லை, எங்களுக்கு இருக்கிறது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வெறுமனே கேட்டேன்.

ஜாக் இறந்த பிறகு மறுபக்கத்திலிருந்து தட்டும் சத்தம் வருகிறது. ஸ்டீபன் தட்டிப் பதில் சொல்கிறான். உடைத்துக்கொண்டு வருபவன் லெவி, ஜெர்மன் படையில் இருக்கும் யூதன். அவனுடைய தம்பி அதே சுரங்கத்தில் செத்துப்போயிருக்கிறான். ஸ்டீபன் தரப்பு வெடித்த வெடியில். கொல்லக் கை ஓங்க வேண்டிய இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். படிக்கும்போது இந்த இடம் ஃபாக்ஸ் கொஞ்சம் வலிந்து செய்தது போலப் பட்டதுண்டு. மேடையில் அப்படிப் படவில்லை. அரை மணி நேரமாக அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கிடந்தவர்கள் நாங்கள். தட்டுவது நண்பனா எதிரியா என்று யாருக்கும் அக்கறை இல்லை, தட்டியதே போதும். லெவியின் கையில் ஸ்டீபன் விழுந்தபோது வேறெங்கும் அவனால் விழ முடியாது என்றுதான் தோன்றியது. 1918-ல் ஜெர்மன் சீருடையில் நிற்கும் யூதனுக்கு அடுத்த இருபது வருடத்தில் என்ன காத்திருக்கிறது என்பதை நாடகம் சொல்வதில்லை. பார்க்கிறவர்களுக்குச் சொல்லவும் தேவையில்லை.

2020-ல் ஊரடங்கில் அரங்குகள் மூடிக் கிடந்தபோது இதே குழு, நடிகர்கள் அவரவர் வீட்டில் தனித்தனியாக நடித்ததைச் சேர்த்து, ஜூலை 1 அன்று இணையத்தில் வெளியிட்டது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்த்தால் அதற்கென்று ஒரு தனிமை இருந்தது; ஒருவரையொருவர் தொட முடியாத நடிகர்கள் தொடுவது பற்றிய கதையை நடித்தார்கள். பிறகு நாவலின் முப்பது ஆண்டு நிறைவையொட்டி 2024-ல் நாடகத்தைத் திரும்ப எழுதி மறுபடி ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த முறை யாராவது இதை எடுத்தால் நான் கேட்பது ஒன்றுதான். இஸபெல்லின் அக்கா ஷான். நாவலில் போருக்குப் பிறகு ஸ்டீபன் வாழ்க்கையைத் தொடர்வது அவளோடுதான். பேச்சையே இழந்து கிடந்தவனைப் பேசவைத்து மீட்டவள் அவள். எலிசபெத் வளர்ந்த குடும்பமும் அந்த இருவரால்தான் உண்டானது. 2018-ல் நான் பார்த்ததில் அவள் இஸபெல்லுக்கும் ஸ்டீபனுக்கும் நடுவே செய்தி கொண்டுபோகும் ஆள் அளவுக்குத்தான் இருந்தாள். ஸ்டீபன் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்த பிறகு அவன் பேசாமல் உட்கார்ந்திருக்க, ஷான் எதிரே உட்கார்ந்து காத்திருக்கும் ஒரு காட்சி வேண்டும். வசனமே வேண்டாம். இத்தனை நேரம் இருட்டில் கேட்டுப் பழகிய பார்வையாளர்களுக்கு அவள் என்ன செய்கிறாள் என்று புரியும்.